குத்தகைப் பத்திரத்தில் பெயரில்லாதவர்கள்: பாவகடா சூரிய மின்பூங்காவும் நிலமற்றோரின் உரிமையும்

கர்நாடக மாநிலம் துமகூரு மாவட்டத்தின் பாவகடா வட்டத்தில், திருமணி, வள்ளூர், பாலசமுத்திரம் உள்ளிட்ட ஐந்து ஊர்களின் நிலத்தில், ஏறத்தாழ 13,000 ஏக்கர் பரப்பில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா இயங்கிவருகிறது. 2018 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட இப்பூங்கா, 2019 இறுதியில் முழுத் திறனை எட்டியது. உலகின் மிகப்பெரிய சூரிய மின்பூங்காக்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. இதைப் பாராட்டுவோர் தவறாமல் சுட்டிக்காட்டும் செய்தி ஒன்றுண்டு. இங்கே நிலம் கையகப்படுத்தப்படவில்லை. ஏறத்தாழ 2,300 உழவர்களிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. உடைமை அவர்களிடமே இருக்கிறது. எனவே எவரும் வெளியேற்றப்படவில்லை என்பதே அது.

இக்கூற்றின் முதற்பகுதி உண்மை. கடைசிப் பகுதியைத்தான் ஆராய வேண்டும். ஒரு நிலத்தால் வாழ்வோர் அனைவரும் அதன் உடைமையாளர்கள் அல்லர். நாற்று நட்டவர், களை எடுத்தவர், கடலை பறித்தவர், அறுவடைக்குப்பின் அந்நிலத்தில் ஆடு மேய்த்தவர் ஆகியோரின் பெயர் எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் இராது. பாவகடா, சட்டமன்றத்துக்குப் பட்டியல் சாதியினர் தொகுதியாக ஒதுக்கப்பட்ட வட்டம். அங்கே நிலமற்ற கூலிகள் என்று சொல்லும்போது பெருமளவு தலித் குடும்பங்களையே குறிப்பிடுகிறோம். அவர்கள் சட்டத்தின் கண்ணில் எவ்வாறு படாமற்போயினர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்கா எவ்வாறு உருவாகிறது?

ஒன்றிய அரசு 2014 டிசம்பரில் சூரிய மின்பூங்காத் திட்டத்தை அறிவித்தது. முதலில் 20,000 மெகாவாட் இலக்கு. 2017இல் அது 40,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. இத்திட்டத்தில் ‘பூங்கா’ என்பது மின்நிலையத்தைக் குறிப்பதன்று. மின்நிலையங்கள் அமைவதற்கான ஆயத்த நிலப்பரப்பைக் குறிப்பது. நிலம், சாலை, நீர், துணைமின் நிலையம், மின்கடத்திப் பாதை ஆகியவற்றை ஓர் அமைப்பு ஏற்பாடு செய்துவிடும். தனியார் நிறுவனங்கள் வந்து தகடுகளைப் பொருத்தி மின்சாரத்தை விற்கும். பாவகடாவில் இப்பணியைச் செய்வது கர்நாடக சூரிய மின்பூங்கா வளர்ச்சிக் கழகம். மாநில அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமும் ஒன்றிய அரசின் சூரிய மின்சக்திக் கழகமும் இணைந்து 2015இல் இதனை உருவாக்கின. எனவே இது தனியார் இருவருக்கு இடையிலான பேரம் அன்று. நிலத்தைத் திரட்டிக் கொடுத்தது அரசே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நிலம் திரண்டபின் ஏலம் நடக்கும். மிகக் குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வரும் நிறுவனம் வெல்லும். அந்த விலை 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தமாகும். இராஜஸ்தானின் பட்லா பூங்காவில் 2017 மே மாதம் ஒரு யூனிட் 2 ரூபாய் 44 காசு வரை விலை இறங்கியது. இவ்விலை வீழ்ச்சி நுகர்வோருக்கு நன்மையே. ஆனால் தகட்டின் விலையை உலகச் சந்தை முடிவுசெய்கிறது. கடனின் வட்டியை வங்கி முடிவுசெய்கிறது. உள்ளூரில் அழுத்திக் குறைக்கத்தக்க செலவுகள் இரண்டே: நிலமும் உழைப்பும். இவ்விரண்டிலும் பேரம் பேசும் வலிமை குறைந்தவர் யாரோ, அவர் தோள்மீதே அந்தச் சுமை இறங்கும்.

கட்டுமானம் விரைவானது. நிலம் அளக்கப்படுகிறது, புதரும் மரமும் அகற்றப்படுகின்றன, மேடுபள்ளம் சமன்செய்யப்படுகிறது, சுற்றுவேலி எழுகிறது. இரும்புக் கால்களை ஊன்றி அவற்றின்மேல் தகடுகளை வரிசையாகப் பொருத்துகிறார்கள். தகடுகள் தரும் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர்கள் மாறுமின்னோட்டமாக்குகின்றன. மின்மாற்றிகளும் துணைமின் நிலையங்களும் அதனைப் படிப்படியாக 400 கிலோவோல்ட் வரை உயர்த்தி நாட்டின் மின்தொகுப்பில் சேர்க்கின்றன. இந்தச் சமன்படுத்தலில் வயல்வரப்பு, ஒற்றையடிப் பாதை, சிற்றோடை, ஊர்க்குப் பொதுவாக இருந்த வழித்தடம் அனைத்தும் மறைந்துபோகின்றன. குத்தகை முடிந்து நிலம் திரும்பும் நாளில் எது தன் வயல் என்று உழவர் அடையாளம் காண வரைபடம் மட்டுமே எஞ்சும்.

பராமரிப்புக்கு ஆள் அதிகம் வேண்டியதில்லை. எரிபொருள் கிடையாது, சுழலும் எந்திரம் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் சிலர் இருப்பர். உள்ளூர் மக்களுக்கு எஞ்சுபவை மூன்று வேலைகள்: தகட்டில் படியும் தூசியைக் கழுவுவது, நிழலும் தீவிபத்தும் நேராதபடி புல் அறுப்பது, வேலியைக் காவல் காப்பது. மூன்றும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியே வருபவை. கழுவும் வேலையையும் தானியங்கிக் கருவிகள் ஏற்கத் தொடங்கிவிட்டன.

குத்தகையின் கணக்கு

பாவகடாவில் நிர்ணயிக்கப்பட்ட தொடக்கக் குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். ஈராண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. ஓயாத வறட்சியும், ஆழ்துளைக் கிணறும் கைவிட்ட நிலத்தடி நீரும் உள்ள வட்டத்தில் இது பல உழவர்களுக்கு ஆறுதலாகவே வந்தது. மழை பொய்த்தாலும் பணம் வரும். இந்த உண்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நிலமுள்ள தலித் குடும்பங்களுக்கும் இதில் பயன் உண்டு.

எனினும் குத்தகை, நிலத்தின் அளவுக்கு ஏற்பவே பங்கிடப்படுகிறது. இரண்டு ஏக்கர் உடையவர் தொடக்கத்தில் பெறுவது ஆண்டுக்கு 42,000 ரூபாய், அதாவது மாதம் 3,500 ரூபாய். ஐம்பது ஏக்கர் உடையவர் பெறுவது பத்தரை இலட்சம். நிலமே இல்லாதவர் பெறுவது எதுவுமில்லை. முன்பு ஐம்பது ஏக்கர்க்காரருக்கு இரண்டு ஏக்கர்க்காரரும் நிலமற்றவரும் தேவைப்பட்டனர். அவர்கள் இல்லாமல் அவருடைய வயல் விளையாது. இன்று அந்தத் தேவையும் இல்லை. தலைமுறைகளாகச் சாதி பங்கிட்ட நிலம், இப்போது உழைப்பவரின் துணையின்றியே உடைமையாளருக்கு வருவாய் தருகிறது.

இந்தப் பங்கீடு எத்தகையது என்பதற்கு நாடு தழுவிய ஓர் அளவுகோல் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலப்பரப்பில் அவர்களிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நில உடைமையை மட்டும் அடிப்படையாகக் கொண்டு பங்கிடப்படும் எந்தப் பயனும் இந்த ஏற்றத்தாழ்வை அப்படியே நகலெடுக்கும்.

உடைமையாளருக்கும் இது நிறைவான பேரமா என்று கேட்கலாம். ஈராண்டுக்கு 5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே ஆண்டுக்கு 4 விழுக்காடு. விலைவாசி அந்த இலக்குக்குள் அடங்கி நின்றாலும், குத்தகைப் பணத்தின் உண்மை மதிப்பு ஆண்டுதோறும் தேயும். ஒப்பந்தம் கால் நூற்றாண்டுக்கும் மேலானது என்பதால் இந்தத் தேய்மானம் சிறியதன்று.

மின்சாரத்தின் பக்கமிருந்தும் கணக்கிட்டுப் பார்ப்போம். 13,000 ஏக்கரை 2,050 மெகாவாட்டால் வகுத்தால் ஒரு மெகாவாட்டுக்கு ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம். அதற்கான தொடக்கக் குத்தகை ஏறத்தாழ 1 இலட்சத்து 33 ஆயிரம் ரூபாய். இரவும் மேகமும் போக, ஆண்டின் மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே முழுத் திறனில் இயங்குகிறது என்று குறைத்தே மதிப்பிட்டாலும், ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 17.5 இலட்சம் யூனிட் தரும். அப்படியாயின் நிலத்துக்குச் சேர்வது யூனிட்டுக்கு எட்டுக் காசுக்கும் குறைவு. உழைப்பை இழந்தவருக்குச் சேர்வது சுழியம்.

நிலமற்றோர் இழந்தவை

பூங்கா இயங்கத் தொடங்கியபின் அப்பகுதிக்குச் சென்ற செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் ஒரே வகையான இழப்புகளைப் பதிவுசெய்துள்ளனர். வயல்வேலை மறைந்தது. கூலிக்காகத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் பெங்களூருவுக்கும் செல்ல நேர்ந்தது. மேய்ச்சலிடம் வேலிக்குள் போனதால் ஆடுகளை விற்க வேண்டியதாயிற்று.

இவ்விழப்பு ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. கட்டுமானக் காலத்தில் வந்த வேலைகளும், பின்னர் நிலைத்த காவல் பணியும் ஆண்களையே பெரிதும் நாடின. நடவு, களையெடுப்பு, கடலை பறித்தல் ஆகிய பெண்களின் வேலைகள்தாம் முதலில் மறைந்தன. ஊருக்குள்ளேயே, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடியதாக இருந்த கூலிவேலைக்கு ஈடாக வேறொன்று கிடைக்கவில்லை. அறுவடைக்குப்பின் சிந்திய தானியத்தைப் பொறுக்குவது, வரப்பில் கீரை பறிப்பது, விறகு சேர்ப்பது ஆகியவை எந்த வருவாய்க் கணக்கிலும் ஏறாதவை. ஏழைக் குடும்பத்தின் அடுப்பில் மட்டும் அவற்றின் கணக்கு உண்டு.

இன்னொரு பிரிவினரும் உண்டு. அரசு நிலத்தைப் பல்லாண்டுகளாக உழுதும் முறையான பட்டா பெறாதவர்களைக் கர்நாடகத்தில் ‘பகர் ஹுக்கும்’ சாகுபடியாளர்கள் என்பர். காகிதம் உள்ளவருக்கே குத்தகை என்னும் ஏற்பாட்டில் இவர்களும் நிலமற்றோராகவே கருதப்படுவர். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே பட்டா தங்கிவிட்ட கைம்பெண்களின் நிலையும் அதுவே.

சட்டம் கைவிட்ட இடம்

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்த்தல் சட்டம் நிலமற்றோரை முதன்முறையாகத் தெளிவாகக் கண்டுகொண்டது. அதன் 3(இ) பிரிவு ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்குத் தரும் வரையறையில் நில உடைமையாளர் மட்டும் இல்லை. கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த விவசாயக் கூலிகள், குத்தகையாளர்கள், வாரச் சாகுபடியாளர்கள், கைவினைஞர்கள் ஆகியோரும் அதில் அடங்குவர். இரண்டாம் அட்டவணை அவர்களுக்கும் உரிமை தருகிறது: திட்டத்தில் வேலை உருவாகுமாயின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை; அல்லது 5 இலட்சம் ரூபாய்; அல்லது இருபதாண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத, விலைவாசிக்கேற்ப உயரும் ஊதியம். நிலம் எடுக்கும்முன் சமூகத் தாக்க மதிப்பீடும் பொதுக் கருத்துக்கேட்பும் நடத்தப்பட வேண்டும்.

இவ்வுரிமைகள் அனைத்தும் ‘கையகப்படுத்தல்’ என்னும் ஒரே வாயில் வழியாகவே திறக்கின்றன. அதே சட்டத்தின் 104ஆம் பிரிவு, இயன்ற இடங்களில் நிலத்தைக் கையகப்படுத்தாமல் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள அரசுக்கு விருப்புரிமை அளிக்கிறது. உழவரின் உடைமையைக் காக்கும் நல்ல நோக்கமுள்ள பிரிவுதான் இது. ஆயினும் குத்தகை வழியைத் தேர்ந்தெடுத்த கணத்தில், கூலித் தொழிலாளிக்கு அச்சட்டம் தந்த இடமும் மூடப்படுகிறது. குத்தகை என்பது நிலம் உடையவருக்கும் எடுப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். மூன்றாமவர் அதில் இல்லை. அந்த மூன்றாமவரின் வாழ்வாதாரம் கையகப்படுத்தலில் எவ்வளவு அழியுமோ, குத்தகையிலும் அவ்வளவே அழிகிறது.

எஞ்சியிருந்த இரண்டாவது வாயில் சுற்றுச்சூழல் சட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெருந்திட்டங்களுக்கு முன்அனுமதி வேண்டும். அதன் ஒரு படிநிலையாக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். ஆனால் சூரியத் தகட்டு மின்திட்டங்களுக்கு இந்த அறிவிக்கை பொருந்தாது என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011இலும், பூங்காக்களையும் சேர்த்து 2017இலும் தெளிவுபடுத்திவிட்டது. புகைபோக்கி இல்லாத திட்டம் என்பதால் கருத்துக்கேட்பும் தேவையில்லை என்றாயிற்று. 13,000 ஏக்கரில் ஊர்களின் வாழ்க்கை முறையே மாறும்போது, அதைப் பற்றி நிலமற்றவர் எழுந்து நின்று பேசுவதற்குச் சட்டப்படியான ஒரு மேடைகூட இல்லை.

தலித்துகளின் நிலத்துக்குள்ள காப்பு

நிலமற்றோர் நிலை இவ்வாறிருக்க, நிலம் பெற்ற தலித்துகளுக்குரிய சட்டக் காப்பையும் அறிந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலங்களின் கைமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. அரசின் முன்அனுமதியின்றி அந்நிலத்தைக் கைமாற்றினால் அது செல்லாது. ‘கைமாற்றம்’ என்பதில் விற்பனை, அடமானம் மட்டுமின்றிக் குத்தகையும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நியாயமான காலத்துக்குள் மனுச் செய்திருக்க வேண்டும் என்று 2017இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில் அந்நீதிமன்றம் கூறியபின், மீட்பு மனுக்கள் பல தள்ளுபடியாயின. அதனைச் சரிசெய்ய 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் காலவரம்பு கிடையாது என்று திருத்தம் செய்தது.

எனவே கர்நாடகத்தில் எந்தச் சூரியப் பூங்காவுக்கும் நிலம் திரட்டப்படும்போது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் கேட்க வேண்டிய கேள்வி: இது அரசு வழங்கிய நிலமா? ஆம் எனில் முன்அனுமதி பெறப்பட்டதா? அனுமதி கோருவது தலித் உழவரின் வருவாயைத் தடுப்பதற்காக அன்று. குத்தகை விதிகள் அவருக்குப் பாதகமாக இல்லாமலிருப்பதை அரசு பொறுப்பேற்று உறுதிசெய்ய வேண்டும் என்பதற்காகவே.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அமைந்தது. சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதும், தரிசில் ஆடு மேய்ப்பதும் அம்மாவட்ட ஏழைகளின் பிழைப்பு. வருவாய்த் துறை ‘தரிசு’ என்று எழுதும் நிலம், உழைப்பவர் கண்ணுக்குத் தரிசன்று. மேலும் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பத்தாண்டுகளுக்குக் கைமாற்றவே கூடாது. அதன்பின்னும் அவ்வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. தரிசு என்ற பெயரில் பெரும்பரப்பு வளைக்கப்படும் இடத்திலெல்லாம் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் பழைய ஒப்படைப்புப் பதிவுகளையும் பார்த்தே ஆக வேண்டும். பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாகப் பிடிப்பதும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றங்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

ஐந்து காசுக் கோரிக்கை

சூரிய மின்சாரத்தை எதிர்ப்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. வறட்சியும் வெப்ப அலையும் முதலில் தாக்குவது வெட்டவெளியில் உழைக்கும் தலித் மக்களையே. எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் கண்டது. பதினான்காம் உறுப்பு சமத்துவத்தைப் பற்றியது. அப்படியாயின் அந்தத் தீங்குகளைத் தடுக்கும் திட்டங்களின் சுமையும் சமமாகப் பகிரப்பட வேண்டும் என்று வாதிட நமக்கு இடமுண்டு.

கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்று, குறிப்பிட்ட பரப்புக்கு மேல் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டாலும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ வரையறையும் பொருந்தும் என்று திருத்தம் வேண்டும். இரண்டு, நிலம் திரட்டுமுன் நிலமற்ற குடும்பங்களின் பட்டியலைக் கிராமசபையில் வைத்து இறுதிசெய்ய வேண்டும். மூன்று, பூங்காவின் பராமரிப்பு வேலைகளில் அக்குடும்பங்களின் பெண்களுக்கு முன்னுரிமையும் நேரடி நியமனமும் வேண்டும். நான்கு, மேய்ச்சலுக்கும் வழித்தடத்துக்கும் வேலிக்கு வெளியே நிலம் விடப்பட வேண்டும்.

ஐந்தாவது, விற்கப்படும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஐந்து காசு நிலமற்றோர் நிதிக்குச் சேர வேண்டும். மேலே செய்த குறைந்த மதிப்பீட்டின்படி பாவகடா ஆண்டுக்கு ஏறத்தாழ 359 கோடி யூனிட் தரும். ஐந்து காசு வீதம் அது 18 கோடி ரூபாய். நிலமற்ற குடும்பங்கள் ஐயாயிரம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய். சட்டம் கையகப்படுத்தலுக்கு விதித்த மாத ஊதியத்தைவிட இது அதிகம். ஏலத்துக்கு முன்பே நிபந்தனையாக அறிவித்துவிட்டால் எல்லா நிறுவனங்களுக்கும் அது பொதுவான செலவாகும், போட்டி கெடாது.

மாணவர்களும் இயக்கத்தினரும் இன்றே செய்யக்கூடியவை உள்ளன. தங்கள் மாவட்டத்தில் திட்டமிடப்படும் சூரியப் பூங்காவின் சர்வே எண்களையும், குத்தகை ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தையும், வழங்கப்பட்ட நிலங்களுக்கான முன்அனுமதி ஆணைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறலாம். வேலி எழும்முன்பே ஊரில் யார் யார் எந்த நிலத்தில் எத்தனை நாள் கூலிவேலை செய்தனர், எத்தனை ஆடுகள் மேய்ந்தன என்று வீடுவீடாகப் பதிவுசெய்யலாம். வேலி எழுந்தபின் அந்த உழைப்புக்குச் சான்று எதுவும் எஞ்சாது. பின்னாளில் நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றுதான்.

நாட்டின் சூரிய மின்திறன் 2025 தொடக்கத்தில் 100 கிகாவாட்டைக் கடந்துவிட்டது. 2030க்குள் புதைபடிவம் சாராத மின்திறனை 500 கிகாவாட்டாக்குவது அரசின் இலக்கு. அதற்கான நிலம் இனிமேல்தான் பெரும்பகுதி திரட்டப்பட வேண்டும். பாவகடாவில் நிலமற்றோர் விடுபட்டது இயற்கையின் விதியால் அன்று, ஒப்பந்தத்தின் வடிவமைப்பால். அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும் முன்பே அந்த வடிவமைப்பை மாற்றக் கோருவதே நம் பணி.